இங்கிலாந்தில் உள்ள பிராட்ஃபோர்டுக்குப் படிக்கப் போகிறேன். வாடகை வீடுகள் எல்லாம் கறுத்துப்போன பழைய கல் வீடுகளாக இருக்கின்றன. எடுக்கலாமா? எதைப் பார்க்க வேண்டும்?

எடுக்கலாம். அந்தக் கறுப்பு பாசியோ ஓதமோ இல்லை, கரி. கம்பளி ஆலைகளும் வீட்டு அடுப்புகளும் தலைமுறை தலைமுறையாக நிலக்கரி எரித்த ஊர் அது. அங்கே வெட்டும் மணற்கல்லின் சொந்த நிறம் தேன் மஞ்சள். 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்த பிறகுதான் புகை அடங்கியது. வெளுத்த வீடு என்றால் யாரோ கல்லைச் சுத்தம் செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதை வைத்து வாடகை கூட்டிக் கேட்டால் மசியாதீர்கள்.

வரிசை வீடுகளில் இரண்டு பக்கமும் பொதுச்சுவர். நடுவில் இருக்கும் வீடு கதகதப்பாக இருக்கும், கோடி வீட்டுக்கு ஒரு சுவர் கூடுதலாகக் குளிரில் நிற்கும். முதுகோடு முதுகு ஒட்டிய வீடு என்று இன்னொரு வகை உண்டு: மூன்று பக்கமும் அடுத்தவர் வீடு, ஜன்னல் முன்பக்கம் மட்டும். காற்று ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போக வழியில்லை. 1909-இல் சட்டம் போட்டுத் தடுத்தும், பக்கத்து ஊரான லீட்ஸில் 1937 வரை இப்படிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பின்வாசல் இருக்கிறதா என்று கேட்டாலே தெரிந்துவிடும்.

இனி சுவர். இது முழுக் கட்டுச் சுவர். பிற்கால வீடுகளில் உள்ளதுபோல் நடுவில் காற்று இடைவெளி கிடையாது. கல்லுக்கு நடுவே சுண்ணாம்புக் காரை. மழையில் நனைந்த ஈரம் அந்தக் காரை வழியாகத்தான் காய்ந்து வெளியேறும். பிறகு வந்தவர்கள் இணைப்புகளைச் சிமென்டால் அடைத்துவிட்டால், ஈரம் கல்லுக்குள்ளேயே தங்கும், பனியில் உறையும், கல்லின் முகம் செதில் செதிலாக உதிரும். சாம்பல் நிறச் சிமென்ட் துருத்திக்கொண்டு, கல் உள்வாங்கியிருந்தால் அதுதான் விஷயம்.

வெளியே நின்று கூரை விளிம்பைப் பாருங்கள். மழைநீர் ஓடும் கால்வாய் இந்த வட்டாரத்தில் பல வீடுகளில் மரத்தால் ஆனது. மூட்டில் உளுத்து ஒழுகும். கீழே சுவரில் பச்சைக் கோடு இருந்தால், அதே இடத்தில் மாடி அறைக்குள் மஞ்சள் வளையம் இருக்கலாம். ஒரு மூலையில் மட்டும் புதுப் பெயின்ட் இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

ஈரம் எங்கே இருக்கிறது என்பதுதான் காரணத்தைச் சொல்லும். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்குள் உப்புப் பூத்திருந்தால் நிலத்து ஓதம், அல்லது வெளியே மண் வீட்டுத் தரைக்கு மேல் ஏறியிருக்கிறது. பழைய கணப்பு அடுப்பை மூடிய இடத்தில் பழுப்புக் கறை என்றால் பெரும்பாலும் புகைபோக்கிக்குக் காற்றுத் துளை விடவில்லை. ஜன்னல் ஓரத்திலும் அலமாரிக்குப் பின்னாலும் கறுப்புப் புள்ளிகள் என்றால் அது பூஞ்சணம். பெரும்பாலும் வீட்டுக்குள் நாம் கிளப்பும் நீராவியும் குளிர்ந்த சுவரும் சேர்ந்து செய்யும் வேலை.

நம் சமையல் இந்த வீடுகளுக்குக் கொஞ்சம் அதிகம்தான். சோறு வடிப்பது, குழம்பு கொதிப்பது எல்லாம் மூடி போட்டு நடக்கட்டும். அடுப்புக்கு மேல் இருக்கும் ஃபேன் காற்றை வெளியே தள்ளுகிறதா, வெறும் வடிகட்டி வைத்து உள்ளேயே சுற்றவிடுகிறதா என்று பாருங்கள். இரண்டாவது வகை வாசனையைக் குறைக்கும், ஆவியைக் குறைக்காது. ஈரத் துணியை அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரில் போட்டால் அதிலுள்ள தண்ணீர் ஆவியாகிக் குளிர்ந்த சுவரில் போய்ப் படியும். அலமாரியை வெளிச்சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். இரவில் ஒரு மணி நேரம் ஹீட்டரைக் கொளுத்திவிட்டு அணைப்பதைவிட 18 டிகிரியில் சீராக விடுவது கனமான சுவருக்கு நல்லது.

ஆலைகளையே அடுக்ககமாக மாற்றியதும் உண்டு; 76 மீட்டர் புகைபோக்கியோடு நிற்கும் லிஸ்டர் மில் அப்படித்தான். இந்த மாதிரி இடங்களில் சூடேற்றுவது காஸா, மின்சாரமா என்று முதலில் கேளுங்கள். மின்சார யூனிட் விலை காஸைப் போல் மூன்று, நான்கு மடங்கு.

வீடு எவ்வளவு சிக்கனமாகச் சூடாகும் என்று ‘ஏ’ முதல் ‘ஜி’ வரை தரம் சொல்லும் எரிசக்திச் சான்றிதழை முகவரி போட்டு அரசுத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். விலக்குப் பெற்ற சில வீடுகள் தவிர, வாடகைக்கு விட ‘இ’ (E) தரமாவது வேண்டும். ஒரே குடும்பமாக இல்லாத ஐந்து பேரோ அதற்கு மேலோ சமையலறையோ குளியலறையோ பகிர்ந்து இருந்தால் உரிமையாளரிடம் உரிமம் இருக்க வேண்டும். அந்த வீட்டில் ஒருவர் படுக்கும் அறை 6.51 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. பரண் அறை காட்டினால் டேப் பிடித்து அளந்துவிடுங்கள். கூரை சரிந்து 1.5 மீட்டருக்குக் கீழே வரும் இடம் அந்தக் கணக்கில் சேராது.