ஸ்லைடு போட்டுப் பேசும்போது கேட்பவர்கள் ஏன் போனை எடுத்துவிடுகிறார்கள்?

பெரும்பாலும் ஸ்லைடில் இருப்பதையே நாமும் வாசிப்பதால்தான். நாம் இரண்டாவது வரிக்கு வருவதற்குள் அவர்கள் முழுவதையும் படித்து முடித்திருப்பார்கள். அப்புறம் நம் குரல் எதற்கு? வாசிப்பதையும் கேட்பதையும் ஒரே நேரத்தில் செய்ய மூளை திணறும். படத்தைப் பார்த்துக்கொண்டே பேச்சைக் கேட்பதில் அந்தத் தொல்லை இல்லை.

'விற்பனை நிலவரம்' என்று தலைப்பிட்டு ஆறு வரி அடுக்காதீர்கள். 'மார்ச்சில் விற்பனை பாதியானது' என்று எழுதி, ஒரே ஒரு வரைபடம் போடுங்கள். சரிந்த இடம் மட்டும் சிவப்பு, மற்றதெல்லாம் சாம்பல் நிறம். காட்டிவிட்டு இரண்டு நொடி சும்மா இருங்கள்.

பவர்பாயிண்ட்டில் ஸ்லைடு ஷோ ஓடும்போது 'B' விசையைத் தட்டினால் திரை கறுப்பாகிவிடும். முக்கியமான விஷயத்தைச் சொல்லும்போது தட்டுங்கள். கண்கள் தானாக உங்களிடம் திரும்பும். அனிமேஷனா? எனக்கு ஆகாது.