பெரிய மீனைப் பிடித்துத் திரும்ப விடுவது: கேள்வி-பதில்

கே: நன்றாக நீந்திப் போன மீன் பிறகு செத்து மிதக்கிறதே, ஏன்?

நீந்திப் போனதை வைத்துப் பிழைத்துவிட்டது என்று முடிவு கட்ட முடியாது. நெடுநேரம் போராடிய மீனின் தசையில் லாக்டிக் அமிலம் சேர்ந்து ரத்தத்தின் அமிலத்தன்மை ஏறிவிடுகிறது. அந்த நிலையில் வெளியே எடுத்தால் செவுள் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி மூச்சும் அடைபடும். சில மணி நேரம் கழித்தும் சாகும். ஆகவே மீனின் எடைக்குத் தக்க நரம்பும் (தூண்டில் நைலான் இழை) ராடும் (தூண்டில் கோல்) போட்டுச் சீக்கிரம் கிட்டே கொண்டுவாருங்கள். மெல்லிய நரம்பில் பெரிய மீனை ஆடவிடுவது திறமை அல்ல, கொடுமை. வெயிலில் தண்ணீர் சூடேறினால் ஆக்சிஜனும் குறையும். அந்த நேரத்தில் தூண்டிலே போடாதீர்கள்.

கே: படம் எடுக்க எப்படித் தூக்குவது?

தாடையைப் பிடித்துத் தொங்கவிடவே கூடாது. தண்ணீருக்குள் உடம்பின் பாரத்தைத் தண்ணீர் தாங்குகிறது. தொங்கவிட்டால் அத்தனையும் தாடை மூட்டிலும் முதுகெலும்பிலும் இறங்கும். மூட்டு பிசகிய மீனால் இரை பிடிக்க முடியாது. ஒரு கையால் வாலுக்கு முன்னுள்ள ஒடுங்கிய பகுதியைப் பற்றி, மறு கையை முன்துடுப்புகளுக்கு அடியில் கொடுத்துப் படுக்கைவாட்டில் ஏந்துங்கள். செவுளுக்குள் விரல் போகக் கூடாது. கை நனைந்திருக்கட்டும், காய்ந்த கையோ துணியோ பட்டால் மேலுள்ள வழுவழுப்பு உரிந்து, அங்கே பூஞ்சை பிடிக்கும். முடிச்சில்லாத ரப்பர் வலையே நல்லது.

கேமரா தயாரான பிறகு தூக்குங்கள். 10 விநாடி போதும். தூக்கும்போது உங்கள் மூச்சையும் அடக்கிக்கொண்டால் நேரம் தானாகப் புரியும். தண்ணீரிலேயே வைத்து எடுத்த படம் இன்னும் நல்லது.

கே: மீன் தூண்டில் முள்ளை விழுங்கிவிட்டால்?

பிடுங்காதீர்கள். தொண்டைக்கு அப்பால் இதயமும் ஈரலும் கிட்டத்தில் இருக்கின்றன. முள்ளை ஒட்டி நரம்பை வெட்டி விட்டுவிடுங்கள். முள்ளோடு பிழைக்கும் மீன்கள் நிறைய. துருப்பிடிக்காத எஃகு முள் மட்டும் வேண்டாம். நுனி உள்நோக்கி வளைந்த வட்ட முள் பெரும்பாலும் வாயோரத்தில்தான் மாட்டும், ஆனால் சுண்டி இழுக்கக் கூடாது. நரம்பை மெல்ல இறுக்கினால் போதும். நுனிக்கருகே பின்னோக்கி நிற்கும் சிறு கூர்முனையைக் குறடால் நசுக்கிவிட்டால் கழற்றுவது நொடி வேலை.

கே: களைத்த மீனைத் தண்ணீரில் முன்னும் பின்னும் ஆட்டினால் தெளியுமா?

பின்னோக்கி இழுப்பது கெடுதல். செவுளில் தண்ணீர் வாய்வழியாகத்தான் போக வேண்டும். ஓடும் நீரில் தலையை நீரோட்டத்தை எதிர்த்துப் பிடியுங்கள். தேங்கிய நீரில் முன்னோக்கி மட்டும் நகர்த்துங்கள். தானே வாலை உதறும்போது கையை எடுங்கள்.

கே: ஆழத்திலிருந்து வந்த மீனின் வாயில் பலூன் போலத் தள்ளுகிறதே, குத்தலாமா?

கூடாது. அது இரைப்பை. 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப் போல 4 மடங்கு. மேலே வர வர உள்ளேயுள்ள காற்றுப்பை விரிந்து இரைப்பையை வெளியே தள்ளுகிறது. எடை கட்டிய இறக்கு கருவியில் மீனின் கீழ்த்தாடையை மாட்டி, தாமதிக்காமல், பிடித்த ஆழத்துக்கே இறக்கி விடுங்கள். அழுத்தம் கூடக் கூடக் காற்றுப்பை சுருங்கிவிடும். எடை போதாவிட்டால் மீன் மிதந்தே நிற்கும்; பெரிய மீனுக்குக் கனமான ஈயத்தைக் கையோடு வைத்திருங்கள்.