மூக்குத்தியும் கைக்கயிறும்

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குச் சித்திரையில் குலதெய்வக் கோயிலில் மூக்குக் குத்தினோம். பள்ளி திறந்த இரண்டாம் நாளே கழற்றிவிட்டு வரச் சொல்கிறார்கள். டைரியில் 'நகை கூடாது' என்று இருப்பது உண்மைதான். கழற்றினால் துளை தூர்ந்துவிடுமே, என்ன செய்ய?
– ஒரு தாய், தஞ்சாவூர்

பதில்: அவசரப்பட்டுக் கழற்றாதீர்கள் அம்மா. குத்தி இரண்டு மாதம்கூட ஆகாத மூக்கு அது, திருகாணியைத் திருகி இழுத்தால் புண்ணாகிவிடும், துளையும் சீக்கிரமே மூடிக்கொள்ளும். ஈர்க்குச்சியைக் கிள்ளிச் செருகி அனுப்பலாம் என்று யாராவது சொல்வார்கள். நான் படித்த காலத்தில் என் பக்கத்து பெஞ்சுப் பெண் அப்படித்தான் வந்தாள், குச்சி வியர்வையில் ஊறி உப்பி, உருவ முடியாமல் மூக்கு சிவந்து வீங்கி அவள் அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்த வைத்தியம் வேண்டாம்.

உங்களுக்கு வந்த இதே பிரச்சினை தென்னாப்பிரிக்காவில் அரசியல் சாசன நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. டர்பன் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் படித்த சுனாலி பிள்ளை, 1860 முதல் கரும்புத் தோட்ட வேலைக்கு நம் ஊர்களிலிருந்து கப்பலேறிய தமிழர்கள் வேரூன்றிய அந்த நகரத்துப் பெண், 2004இல் விடுமுறையில் மூக்குக் குத்திக்கொண்டு வந்தாள். காதில் சின்னத் தோடு போடலாம், கைக்கடிகாரம் கட்டலாம், வேறு நகை கூடாது என்பது பள்ளி விதி. புண் ஆறியதும் கழற்றச் சொன்னார்கள், அம்மா மறுத்துவிட்டார். முதல் நீதிமன்றத்தில் தோற்று, மேல் நீதிமன்றத்தில் ஜெயித்து, கடைசியில் 2007 அக்டோபரில் தீர்ப்பு அந்தப் பெண் பக்கமே வந்தது. மூக்குத்தி கட்டாயச் சடங்கு இல்லை, விருப்பப்பட்டுச் செய்வது என்றாலும் அதற்கும் பாதுகாப்பு உண்டு என்றார்கள். அதைப் போட்டுக்கொண்டு அவள் இரண்டு வருடத்துக்கு மேல் பள்ளிக்குப் போயிருக்கிறாள், ஒழுங்கு ஒன்றும் குலைந்துவிடவில்லை என்பதையும் எடுத்துச் சொன்னார்கள். விதியே கூடாது என்று சொல்லவில்லை. விலக்கு கேட்க ஒரு வழி வைத்து விதியைத் திருத்துங்கள் என்றுதான் பள்ளிக்கு உத்தரவு.

அந்தத் தீர்ப்பு நம் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது, சரிதான். ஆனால் அதிலிருக்கும் நியாயம் நமக்கும் பொருந்தும். வகுப்பு டீச்சரோடு மல்லுக்கு நிற்காமல், தலைமை ஆசிரியருக்குக் கைப்பட ஒரு கடிதம் எழுதுங்கள். எப்போது குத்தியது, ஏன் கழற்ற முடியாது, ஒற்றைக்கல் மூக்குத்திதான், விளையாட்டு பீரியடில் மேலே பிளாஸ்திரி ஒட்டி அனுப்புகிறோம் என்று எல்லாவற்றையும் எழுதி, ஒரு நகலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். நகை திருட்டுப் போனால் யார் பொறுப்பு என்ற பயத்தில்தான் பாதிப் பள்ளிகள் பிடிவாதம் பிடிக்கின்றன, பொறுப்பு எங்களுடையது என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் பேச்சு சுமுகமாகும்.

கேள்வி: என் மகன் கையில் கட்டியிருந்த கயிற்றைப் பள்ளியில் அறுத்துவிட்டார்கள். மூக்குத்திக்கு ஒரு நியாயம், கயிற்றுக்கு ஒரு நியாயமா?
– ஒரு தந்தை, திருநெல்வேலி மாவட்டம்

பதில்: ஆமாம் ஐயா, உங்கள் மாவட்டத்தில் வேறு வேறுதான். எந்த நிறக் கயிறு எந்தச் சாதி என்று அங்கே ஆறாம் வகுப்புப் பையனுக்கும் தெரியும். அதைத் தடுக்கச் சொல்லிப் பள்ளிக் கல்வித்துறை 2019இலேயே சுற்றறிக்கை அனுப்பியது. 2023இல் நாங்குநேரியில் ஒரு மாணவனை, கூடப் படித்தவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள், தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு. அதன் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024இல் கொடுத்த அறிக்கையில் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி எல்லாவற்றையும் தடை செய்யச் சொன்னது. நெற்றிக்குறி விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை, கயிற்றில் முழு உடன்பாடு. மூக்குத்தி பக்கத்தில் இருப்பவளை ஒன்றும் செய்யாது, இந்தக் கயிறு பக்கத்தில் உட்காரும் பிள்ளையிடம் நீ யார் என்று கேட்கிறது.

ஆனால் வகுப்பு நடுவே எல்லோரும் பார்க்க அறுத்தது தப்பு, தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அப்புறம், எல்லா நிறக் கயிறும் அறுபட்டதா, உங்கள் பையனுடையது மட்டுமா என்று விசாரியுங்கள். அவனுடையது மட்டும் என்றால் நாளைக்கே தலைமை ஆசிரியரைப் போய்ப் பாருங்கள்.