மாவுக்கட்டு பிரித்த கைக்கு என்ன இலக்கு?

கேள்வி: எனக்கு வயது 58. குளியலறையில் வழுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்து, ஆறு வாரம் மாவுக்கட்டு போட்டிருந்தார்கள். கட்டைப் பிரித்து மூன்று வாரமாகியும் விறைப்பு குறையவில்லை. ‘மூன்று மாதத்தில் கை என்ன செய்ய வேண்டும்?’ என்று இயன்முறை மருத்துவர் கேட்டதற்கு, ‘பழையபடி ஆக வேண்டும்’ என்றேன். அது போதாது என்கிறார். வேறு என்ன சொல்வது?
- வாசகி, திருச்சி

பதில்: ‘பழையபடி’ என்பதை அளக்க முடியாது, அதையே இலக்காக வைத்தால், கை தேறிவரும்போதும் தேறாதது போலவே தோன்றும். எலும்பு ஆறு வாரத்தில் ஓரளவு கூடிவிட்டாலும், பிடியின் வலு திரும்பப் பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுகூட ஆகலாம். ஆகவே, செய்ய முடியாமல் உங்களை அதிகம் வருத்தும் மூன்று வேலைகளைத் தேர்ந்தெடுத்து, சிறிதும் முடியாததற்கு 0, விழுவதற்கு முன்பு போலவே முடிவதற்கு 10 என்ற கணக்கில் மதிப்பெண் இட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திருத்தி வாருங்கள்.

அந்த வேலைகள் மணிக்கட்டிடம் எதைக் கேட்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். கையேந்திப் பிரசாதம் வாங்க உள்ளங்கை மேல்நோக்கித் திரும்பினால் போதும். துணி பிழியப் பிடியும் முறுக்கும் ஒருசேர வேண்டும். தரையில் கையூன்றி எழுவதற்கோ மணிக்கட்டு பின்னோக்கி நன்றாக வளைந்து உடல் எடையையும் தாங்க வேண்டும் என்பதால், அதைக் கடைசிக்கு ஒதுக்குங்கள். அன்றாட வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு மணிக்கட்டு முன்னும் பின்னும் சுமார் 40 பாகை வளைந்தாலே போதுமானது. இடக்கையோடு ஒப்பிட்டுத் தினமும் கவலைப்பட வேண்டியதில்லை.

‘நான்கு வாரத்தில் அரை லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலை வலக்கையால் தூக்கி ஊற்றுவேன், மூன்று மாதத்தில் இரண்டு பேருக்குச் சப்பாத்தி மாவு பிசைவேன்’ என்று சொல்லிப் பாருங்கள், அதற்கேற்ற பயிற்சியை இயன்முறை மருத்துவரால் வகுக்க முடியும். எடை தூக்குவது மட்டும், எலும்பு நன்கு கூடிவிட்டதென்று எக்ஸ்ரே பார்த்து மருத்துவர் அனுமதித்த பிறகே. உருவிவிட்டால் சீக்கிரம் சரியாகும் என்று உறவினர்கள் சொல்லக்கூடும்; விறைத்த மூட்டை வலிந்து இழுப்பது வீக்கத்தையே கூட்டும்.

பயிற்சியால் வந்த வலி மறுநாள் காலையிலும் நீடித்தால் அளவைக் குறையுங்கள். ஆனால் எரிச்சலோடு கூடிய கடும் வலி, தோலின் நிறமாற்றம், பெருவிரல் முதல் நடுவிரல் வரை மரத்துப்போதல், பெருவிரலைத் திடீரென நிமிர்த்த முடியாமை ஆகியவற்றில் எது தோன்றினாலும் அடுத்த முறைக்குக் காத்திராமல் எலும்பு மருத்துவரிடம் உடனே காட்டுங்கள்.