எலக்ட்ரோலைட் கொடுத்தும் கோழிகளுக்கு மூச்சு இளைப்பது ஏன்?

எலக்ட்ரோலைட் தூளின் (தண்ணீரில் கலக்கும் உப்புச் சத்து) அளவைக் கூட்டாதீர்கள். மதியம் கலக்குவதை நிறுத்திவிட்டு, வெயில் ஏறும் முன் காலையிலேயே கலந்து கொடுங்கள். மூன்று நாளாக மதியம் எலக்ட்ரோலைட் கொடுத்தும் இளைப்பு நிற்கவில்லை, முட்டை ஓடும் மெலிகிறது என்கிறீர்கள். இளைக்கத் தொடங்கிய கோழிக்கு அது தாமதமான உதவி.

எனக்குத் தண்ணீரின் சூட்டின் மீதுதான் சந்தேகம். வெயிலில் கிடக்கும் தொட்டியும் குழாயும் தண்ணீரைச் சூடாக்கிவிடும். தண்ணீர் சூடானால் கோழி குடிப்பதைக் குறைக்கும். குடிக்காத தண்ணீரில் எதைக் கலந்தும் பயனில்லை. பிற்பகல் 2 மணிக்கு, வரிசையின் கடைசி நிப்பிளில் (கோழி கொத்திக் குடிக்கும் குழாய் முனை) தண்ணீரைப் பிடித்து வெப்பமானி வைத்துப் பாருங்கள். 30 டிகிரி செல்சியசைத் தாண்டினால் குழாயைத் திறந்துவிட்டு, குளிர்ந்த நீர் வரும்வரை ஓட விடுங்கள். தொட்டிக்கு நிழல் உடனே தேவை.

ஓடு மெலிவதற்கு முக்கியக் காரணம் இளைப்புதான். வேகமாக மூச்சுவிடும்போது கார்பன் டை ஆக்சைடு அதிகம் வெளியேறி, ஓடு உருவாகத் தேவையான பைகார்பனேட் இரத்தத்தில் குறைகிறது. சமையல் சோடா அதை ஓரளவு ஈடுசெய்யும். வைட்டமின் சி கொடுப்பதானால் வேறு வேளையில் கொடுங்கள். ஒன்று காரம், மற்றது அமிலம்.

ஒரு எச்சரிக்கை: உங்கள் கிணற்று நீர் ஏற்கெனவே உப்பாக இருந்தால், அதில் தூளையும் கலக்கும்போது எச்சம் நீர்த்துப்போகும். முதலில் நீரைப் பரிசோதியுங்கள். தண்ணீரில் தடுப்பூசி கொடுக்கும் நாளில் இவற்றில் எதையும் கலக்க வேண்டாம். கோழிகள் சுருண்டு விழுந்தால் தூளை நம்பிக் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள்.