ஒரு கப் எத்தனை கிராம்? – கேள்வி பதில்

கேள்வி: அக்கா, கேக் குறிப்பில் மைதா 2 கப், சர்க்கரை 1 கப் என்று இருக்கிறது. ஒரு கப் எத்தனை கிராம்?

பதில்: எந்தப் பொருள் என்று சொல்லாமல் இதற்குப் பதில் இல்லை. கப் கொள்ளளவு, கிராம் எடை. 240 மி.லி. கப்பில் தண்ணீர் 240 கிராம், சர்க்கரை சுமார் 200, எண்ணெய் 220, தேன் 340, மைதா 120 முதல் 125 வரை. உங்களுக்கு மைதா 240–250 கிராம், சர்க்கரை 200 கிராம் எடுங்கள்.

கேள்வி: என் மைதா கப்புக்கு 150 கிராம் காட்டுகிறதே. தராசு பழுதா?

பதில்: தராசு சரியாகத்தான் இருக்கும். கப்பை டப்பாவுக்குள் விட்டு அள்ளியிருப்பீர்கள். அப்போது மாவு அமுங்கிவிடும். மாவைக் கிளறி, கரண்டியால் எடுத்துக் கப்பில் மெல்லப் போடுங்கள். தட்டவோ குலுக்கவோ கூடாது. கத்தியின் முதுகால் மேலே வழித்துவிட்டு நிறுத்தால் 125க்குள் வரும். 4 கப் மாவு போடும்போது இந்த வித்தியாசமே 100 கிராம் ஆகிவிடும். கேக் வறண்டுவிட்டது என்று யார் வந்தாலும் நான் முதலில் விசாரிப்பது மாவை எப்படி அளந்தார்கள் என்பதைத்தான்.

குறிப்பின் சொற்களையும் கவனியுங்கள். ‘சலித்த மைதா 1 கப்’ என்றால் சலித்த பிறகு அளப்பது. ‘மைதா 1 கப், சலித்தது’ என்றால் அளந்துவிட்டுச் சலிப்பது. முதலாவதில் மாவு குறைவாகவே பிடிக்கும்.

கேள்வி: என் கப் 240 மி.லி.தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: வெறும் கப்பைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, விளிம்புவரை தண்ணீர் ஊற்றுங்கள். எத்தனை கிராமோ அத்தனை மி.லி. அமெரிக்கக் குறிப்புகளில் கப் 237 மி.லி., ஆஸ்திரேலியாவில் 250, ஜப்பானில் 200. குறிப்பு எந்த நாட்டுடையது என்று பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். ஆஸ்திரேலியாவில் மேசைக்கரண்டிகூட 20 மி.லி.; மற்ற பல இடங்களில் 15.

கேள்வி: தராசில் மி.லி. பொத்தான் இருக்கிறது. எண்ணெய்க்குப் பயன்படுத்தலாமா?

பதில்: வேண்டாம். பெரும்பாலும் அது தண்ணீருக்கான கணக்கு. 100 மி.லி. எண்ணெய் 92 கிராம்தான், கிராமிலேயே நிறுங்கள்.

கேள்வி: வெண்ணெய் 1 கப்?

பதில்: 227 கிராம்.

கேள்வி: ஈஸ்ட், சமையல் சோடா, உப்பு எல்லாவற்றையும் நிறுக்க வேண்டுமா?

பதில்: ஒவ்வொரு கிராமாகக் காட்டும் தராசில் 3 கிராம் ஈஸ்டை நம்பி நிறுக்க முடியாது. ஈஸ்டுக்கும் சோடாவுக்கும் 5 மி.லி. தேக்கரண்டியைத் தலைவழித்து அளப்பதே மேல். உப்பு மட்டும் வேறு கதை. தூள் உப்பு ஒரு தேக்கரண்டி சுமார் 6 கிராம். செதில் செதிலாக இருக்கும் உப்பு அதே தேக்கரண்டியில் அதில் பாதி எடைதான் இருக்கலாம். குறிப்பில் ஒன்றும் உங்கள் கையில் இன்னொன்றும் இருந்தால் பாதி அளவு போட்டு, ருசி பார்த்துவிட்டு மீதியைச் சேருங்கள். ரொட்டி மாவில் அப்படி ருசி பார்த்துச் சேர்க்க வழியில்லை என்பதால், அதற்கு மட்டும் உப்பைக் கட்டாயம் நிறுத்தே போடுங்கள்.