பவளத் தொட்டிக்குக் காசிமேட்டுக் கடல்நீர் உதவுமா?

தண்டையார்பேட்டை வீட்டில் மென்பவளம் வளர்க்கும் நீங்கள், காசிமேட்டுக் கடல்நீரைத் தொட்டியில் ஊற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய நீரில் படகுகளின் டீசல் கலந்திருக்கக்கூடும், மழைக்காலத்தில் உப்பளவும் மாறிவிடும். கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் கடலுப்புக் கலவையைக் கேட்டு வாங்கி, ஆர்.ஓ. நீரில் ஒப்படர்த்தி (நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.025 வரும்படி கரையுங்கள்.

அதைவிட எனக்குக் கவலை தருவது நம் ஊர் வெயில். நீரின் வெப்பம் 30 டிகிரிக்கு மேல் பல நாள் நீடித்தால், பவளத்தின் திசுக்களில் குடியிருந்து ஒளிச்சேர்க்கையால் அதற்கு உணவூட்டும் நுண்பாசிகள் வெளியேறிவிட, விரிந்திருந்த நுனிகள் சுருங்கி, பழுப்பு நிறம் வடிந்து, பவளம் வெளிறிப்போகும். 26 டிகிரியை ஒட்டி வைத்திருங்கள். நீர்ப்பரப்பின்மேல் சிறு மின்விசிறி வீசினால் சற்றுத் தணியும், ஆனால் சித்திரை, வைகாசியில் நீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவி இல்லாமல் முடியாது. ஆவியாகிக் குறைந்ததை நன்னீரால் மட்டுமே நிரப்புங்கள். உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது.

கல்போன்ற கூடு கட்டும் கடினப் பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது உச்சப் பாதுகாப்புப் பட்டியலில், உள்ளவை. யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.